ராக்காவலை எங்கே வைப்பது

"டக்."

ஒரு மூச்சு விடும் நேரம். மறுபடியும் "டக்." அதற்குப் பின்னால், யாரோ தூக்கத்தில் கொட்டாவி விடுகிற மாதிரி நீளமாக ஒரு "க்ரீ...ச்".

அந்தச் சத்தம்தானே அக்கா? ராத்திரி பத்து மணிக்கு வருமே, அதுதானே? நீங்கள் வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே எனக்குத் தெரியும். எதிர்வீட்டுக்குக் குடிவந்த வாரத்திலேயே இப்படி ஒரு சத்தம் கேட்டால் யாருக்குத்தான் தூக்கம் வரும்? போதாததற்கு, இன்று காலையில் பால் பாக்கெட் எடுக்கக் கதவைத் திறந்தால், படிக்கட்டுப் பக்கம் இரண்டு ஆண்கள் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்கள். நீங்கள் போட்ட கூச்சல் எங்கள் அடுக்களை வரைக்கும் கேட்டது. பயப்படாதீங்க. நீட்டிப் படுத்திருந்தவர் என் வீட்டுக்காரர். அவர் காலடியில் சுருண்டு கிடந்தது என் கொழுந்தன், சசிதரன். இரண்டு பேரும் நல்லவர்கள்தான். கம்ப்யூட்டர் படித்தவர்கள்.

உள்ளே வாங்க, உட்காருங்க. இருங்க, கதவைச் சாத்திவிட்டு வருகிறேன். பாப்பா தூங்குகிறாள். அவள் எழுகிற வரைக்கும் எனக்கும் வேலை இல்லை. முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நான்தான் ராட்சசி என்று நினைத்துக்கொள்வீர்கள்.

ஒன்று மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். நான் பயந்தாங்கொள்ளி இல்லை. தூத்துக்குடியில் கான்வென்ட் விடுதியில் தங்கிப் படித்தவள். இருட்டின பிறகு தனியாகக் கல்லறைத் தோட்டத்தைத் தாண்டி வர வேண்டும் என்று பந்தயம் கட்டியபோது தாண்டி வந்தவள். கூட ஜெனோவா கையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேன், அது வேறு விஷயம்.

இந்தக் கதவில் முன்பு நல்ல கனமான தாழ்ப்பாள் ஒன்று இருந்தது. பாப்பா பிறந்து வீட்டுக்கு வந்த வாரம் அவர் அதைக் கழற்றிவிட்டார். "நாளைக்கு பாப்பா நடக்கறப்போ உள்ள போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கிச்சுன்னா என்ன பண்ணுவே அம்மிணி?" என்றார். பாப்பாவுக்கு அப்போது கழுத்தே நிற்கவில்லை. தாழ்ப்பாள் இருந்த ஓட்டைகளில் பட்டி வைத்துப் பூசி, மோட்டார் வைத்த பூட்டு ஒன்றை மாட்டினார்.

அந்தப் பூட்டுக்கு மூளை கிடையாது அக்கா. ஒரு தடவை சொன்னால் "டக்" என்று பூட்டும். இன்னொரு தடவை சொன்னால் "டக்" என்று திறக்கும். தான் பூட்டியிருக்கிறோமா திறந்திருக்கிறோமா என்று அதற்கே தெரியாது. மூளையெல்லாம் ஃபிரிட்ஜ் மேலே இருக்கிறது. அதோ, பாப்பாவின் பழைய சட்டையைப் போட்டு மூடியிருக்கிறதே, அந்தச் சின்ன கம்ப்யூட்டர். லினக்ஸில் ஓடுவது. அதில் கூடுதலாக ஒரு புரோகிராமை இணையத்திலிருந்து இறக்கி வைத்தார். ராக்காவல் என்று பெயரும் வைத்தார். பத்து மணி ஆனதும் ராக்காவல் பூட்டுக்குச் சொல்லும், பூட்டு பூட்டிக்கொள்ளும். அதற்குமேல் கதவுக்குப் பக்கத்தில் இருக்கிற பொத்தானை அழுத்தினாலும் ஒன்றும் நடக்காது. பாப்பா தவழ்ந்து வந்து எம்பி அழுத்திவிடக் கூடாதாம். அவர் போனிலிருந்து மட்டும்தான் சொல்ல முடியும். என் போனில் அது ஏறாது. இடமே இல்லை, எல்லாம் பாப்பா வீடியோ.

அவருக்கு ராத்திரி வேலை. சாயங்காலம் கம்பெனி வண்டி வந்து அழைத்துப்போனால் விடிந்துதான் வருவார். அதுவரைக்கும் நானும் பாப்பாவும் அந்தக் கதவும்தான். ஆனால் பத்து மணிக்கு ஒரே ஒரு "டக்" கேட்கும். கேட்டதும் நான் விளக்கை அணைப்பேன். பல மாதம் அப்படித்தான் நிம்மதியாகப் போயிற்று.

ஒருநாள் சும்மா கேட்டேன், "ஏங்க, அந்த ராக்காவலை எங்க வச்சிருக்கீங்க?"

"ஆப்ட்ல."

"அப்படின்னா?"

அவர் சந்தோஷப்பட்டுப் போனார். நான் அவர் வேலையைப் பற்றிக் கேட்ட முதல் கேள்வி அது. பாப்பாவுக்குக் கூழ் ஊட்டிக்கொண்டே ஒரு பாடமே எடுத்தார். லினக்ஸில் எதையும் கண்ட இடத்தில் வைக்கக் கூடாதாம். கம்ப்யூட்டரோடு வந்த சாமானுக்கு ஒரு இடம், அதில் நாம் கைவைக்கக் கூடாது. நாமே இங்கே உட்கார்ந்து செய்து சேர்த்துக்கொண்டதற்கு இன்னொரு இடம், அதற்குப் பெயர் லோக்கல். வெளியிலிருந்து முழுசாக, பொட்டலம் பிரிக்காமல் வந்ததை வைப்பதற்குத் தனி இடம், அதுதான் ஆப்ட். அங்கே ஒவ்வொன்றுக்கும் ஒரு அறை. அப்புறம் ஆளாளுக்கு ஒரு சொந்த ஃபோல்டர், அதற்கு ஹோம் என்று பெயர்.

"இதைச் சொல்றதுக்கா இவ்வளவு நேரம்? இது எங்க ஹாஸ்டல்தானே" என்றேன்.

நிஜமாகவே எங்கள் விடுதிதான் அக்கா. கான்வென்ட் கொடுத்த தட்டும் போர்வையும் பெரிய அலமாரியில். அதைத் தொட்டால் சிஸ்டர் எமரன்ஸியா முழங்காலில் நிற்க வைப்பார்கள். தையல் வகுப்பில் நாங்களே தைத்த தலையணை உறையெல்லாம் பக்கத்து அலமாரியில். வீட்டிலிருந்து பார்சல் வந்தால் பார்லர் என்கிற வரவேற்பறையில், பெயர் ஒட்டின தனித்தனித் தட்டில். கட்டிலுக்கு அடியில் அவரவர் டிரங்குப்பெட்டி. அந்தப் பெட்டி மட்டும் யார் கணக்கிலும் வராது. உள்ளே நான் மாங்காய் ஊறுகாய் வைத்திருந்தேன், சிஸ்டர் எமரன்ஸியாவே பெட்டியைத் திறந்து பார்த்தது கிடையாது. "வடிவு, பெட்டிக்குள்ள இருக்கிறது உனக்கும் ஆண்டவருக்கும் மட்டும்" என்பார்கள். மூக்கைப் பொத்திக்கொண்டுதான் சொல்வார்கள். இருந்தாலும் சொல்வார்கள்.

என் கையில் ஒரு லாகினையும் கொடுத்தார், பாப்பா போட்டோக்களைப் போட்டு வைக்க. என் டிரங்குப்பெட்டி.

அப்புறம் சசி வந்து சேர்ந்தான். பெங்களூரில் இருந்தவனுக்கு இங்கேயே வேலை கிடைத்தது, அதுவும் ராத்திரி வேலை. அண்ணன் வீடு இருக்க வாடகைக்கு எதற்கு என்று இங்கேயே தங்கிக்கொண்டான். நல்ல பையன். தட்டைக் கழுவி வைப்பான். வந்த இரண்டாவது நாள் தோசை சாப்பிட்டுக்கொண்டே ஃபிரிட்ஜ் மேலிருந்த கம்ப்யூட்டரை நோண்டிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, என்னுங்கண்ணா இது? ராக்காவலைக் கொண்டுபோய் ஆப்ட்ல வச்சிருக்கீங்க?"

"வேற எங்கடா வைப்பாங்க?"

"லோக்கல்லதானுங்க. எங்க ஆபீஸ்ல ஆப்ட்ல வச்சா சிரிப்பாங்க."

"எங்க ஆபீஸ்ல லோக்கல்ல வச்சா வேலையை விட்டே தூக்கிருவாங்க."

"அது வெளிய இருந்து வந்த பொருள்தானுங்கண்ணா, இல்லைங்கல. ஆனா நான் ரெண்டு வரி மாத்தியிருக்கறனே. இப்ப அது நம்ம வீட்டுல செஞ்சது."

"ரெண்டு வரி மாத்தினா உன்னதாயிருமா? கடையில வாங்கின சட்டைக்கு பட்டன் தச்சுட்டு, சட்டையையே நாந்தான் நெய்தேன்னு சொல்லுவியா?"

"பட்டன் இல்லாத சட்டையைப் போட்டுக்கிட்டு ஆபீஸ் போயிருவீங்களாண்ணா?"

என் வீட்டுக்காரர் பாதித் தோசையில் எழுந்து கை கழுவிவிட்டார். அன்றிலிருந்து அண்ணன் தம்பி பேச்சு வார்த்தை இல்லை. "தம்பிகிட்ட சொல்லு, துண்டு ஈரமா இருக்குதுன்னு." "அண்ணன்கிட்ட சொல்லுங்க அண்ணி, அது அவரு துண்டுதான்னு." நடுவில் நான். நாட்டு எல்லைக்காகச் சண்டை போடுகிறவர்கள்கூட இவ்வளவு முறுக்கிக்கொண்டிருக்க மாட்டார்கள்.

அந்த வாரம்தான் அந்தச் சத்தம் ஆரம்பித்தது.

பத்து மணி. "டக்." விளக்கை அணைத்தேன். மறுபடியும் "டக்." நமக்குத்தான் ஒன்று போதுமே, இது எதற்கு இரண்டாவது? என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே "க்ரீ...ச்". கதவு தானாகத் திறந்து நின்றது. மாடிப்படி விளக்கின் வெளிச்சம் கூடத்துக்குள் நீளமாக வந்து விழுந்தது.

எங்களுடையது செந்தூர் முருகனைக் கும்பிடுகிற குடும்பம் அக்கா. ஆனால் அந்த நேரத்தில் என் வாயில் வந்தது "அருள் நிறைந்த மரியே"தான். அதுவும் பாதியில் மறந்துபோய், வாய்ப்பாடு சொல்லிவிட்டேன். நான் பயப்படவில்லை. பாப்பாவைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, கதவைத் தள்ளிச் சாத்தினேன். அது நிற்கவில்லை, நிலை கொஞ்சம் சாய்வு. சோபாவை இழுத்து முட்டுக்கொடுத்தேன். சோபா மேலே குக்கர். குக்கர் மேலே இட்லித் தட்டுகள். அவருக்குப் போன் போட்டேன்.

"ஏங்க, கதவு திறந்திருக்கு."

"இல்லியே, பூட்டியிருக்குன்னுதான் காட்டுது."

"நான் பார்த்துக்கிட்டு நிக்கிறேங்க. திறந்திருக்கு. நீங்க அங்கிருந்து ஒரு தடவை அமுக்குங்க."

"பூட்டியிருக்கறப்போ அமுக்கினா திறந்துக்கும் அம்மிணி. நீ தூங்கு. காத்தா இருக்கும்."

காற்றாம். பூட்டைத் திறக்கிற காற்று. விடிகிற வரைக்கும் சோபாவில் உட்கார்ந்திருந்தேன். காலையில் அவர் வந்து கதவைத் தள்ளினார், குக்கரும் இட்லித் தட்டும் உருண்டதில் மாடி முழுக்க எழுந்துவிட்டது. கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "பாரு, பத்து மணிக்குப் பூட்டினேன்னு எழுதியே வச்சிருக்குது" என்றார். அதில் அப்படித்தான் இருந்தது. நான் கண்ணால் பார்த்ததுதான் தப்பு.

அப்புறம்தான் தெரிந்தது, சசி செய்த வேலை. அண்ணன் வைத்ததை அழித்தால் மரியாதை இல்லையே என்று அதை அப்படியே விட்டுவிட்டு, லோக்கலில் தன்னுடையதாக இன்னொரு ராக்காவலை வைத்திருக்கிறான். அதுவும் பத்து மணிக்கே. சொல்லலாமென்றால் அண்ணனோடு பேச்சு இல்லை. அண்ணன் வைத்தது பூட்டும், தம்பி வைத்தது திறக்கும். இரண்டும் தனித்தனியாக "பூட்டினேன்" என்று எழுதி வைத்துக்கொள்ளும். ஆனால் இது தெரிவதற்கு ஒரு மாதம் ஆயிற்று. அதற்குள் நான் சும்மா இருப்பேனா?

ஜெனோவாவுக்குப் போன் செய்தேன். கல்லறைத் தோட்டத்தில் கையைப் பிடித்துக்கொண்டு வந்தாளே, அவள்தான். சென்னையில் பெரிய கம்ப்யூட்டர் வேலையில் இருக்கிறாள்.

"ஏட்டி வடிவு, அழாதளா. அந்த மெஷின்ல உனக்குன்னு லாகின் இருக்கா?"

"இருக்கு. பாப்பா போட்டோ வச்சிருக்கேன்."

"அப்ப சோலி முடிஞ்சுது. அவரு ராக்காவலை ஒரு காப்பி எடுத்து உன் ஹோம்ல போட்டுக்கோ. மத்த எடத்துல வைக்கணும்னா பாஸ்வேர்டு கேக்கும். உன் சொந்த எடத்துல வைக்க யார்கிட்டயும் கேக்காண்டாம். அவரோடது வேலை செய்யலன்னா உன்னோடது பூட்டிரும். பூட்டு கொஞ்சம் வெவரமான பூட்டுதானளா?"

"ரொம்ப வெவரம்" என்றேன். என் வீட்டுக்காரர் வாங்கினதை விட்டுக்கொடுக்க முடியுமா?

அவள் சொல்லச் சொல்லத் தட்டினேன். ஒரு கையில் போன், ஒரு கையில் பாப்பா, மிச்சமிருந்த விரலால் தட்டினேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பாப்பாவும் நடுவில் நாலு எழுத்துத் தட்டினாள், அதை அழித்தோம்.

அன்றைக்கு ராத்திரி "டக்". பிறகு "டக்". நான் குக்கரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிறகு மூன்றாவதாக ஒரு "டக்". கதவு அசையவே இல்லை! தள்ளிப் பார்த்தேன், பாறை மாதிரி நின்றது. பாப்பாவைத் தூக்கி மூன்று சுற்று சுற்றினேன். மாதாவுக்கு மெழுகுவர்த்தி, மருதமலைக்குத் தேங்காய், இரண்டு பேருக்கும் பாக்கி வைக்கவில்லை. அண்ணன் தம்பியிடம் சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? என் பெட்டிக்குள் நான் வைத்த ஊறுகாய்.

ஒரு மாதம் சுகமாகப் போயிற்று. அப்புறம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்கிறேன் என்று உட்கார்ந்தார். லோக்கலில் தம்பியின் ராக்காவலைக் கண்டுபிடித்தார்.

"சசி! என் வீட்டுக் கம்ப்யூட்டர்ல எனக்குத் தெரியாம குடி வச்சிருக்கிறயாடா?"

ஒரு மாதத்துக்குப் பிறகு நேருக்கு நேர் பேசின முதல் பேச்சு. அதனாலேயே இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது. நானும் பிரியாணி செய்தேன். ஒன்று போதும், எந்த இடத்தில் வைப்பது என்று இரண்டு பேரும் உட்கார்ந்து பேசினார்கள். பேசினார்கள், பேசினார்கள், பிரியாணி தீரும் வரைக்கும் பேசினார்கள். முடிவே வரவில்லை. கடைசியில், பாப்பா தீர்ப்புச் சொல்லட்டும் என்றார்கள். அப்பா கையில் ரப்பர் வாத்து, அது ஆப்ட். சித்தப்பா கையில் கிலுகிலுப்பை, அது லோக்கல். பாப்பா கொஞ்சம் யோசித்தாள். வாத்தைப் பார்த்தாள். கிலுகிலுப்பையிடம் தவழ்ந்து போய்விட்டாள்.

"அது சத்தம் போட்டுதுடா, அதனால போனா! இது கள்ளாட்டம்!"

"தீர்ப்புன்னா தீர்ப்புதானுங்கண்ணா."

ஆப்ட் காலியானது. என் வீட்டுக்காரர் அந்த வாத்தை இரண்டு நாள் பாப்பாவுக்குக் கொடுக்கவில்லை.

அதாவது இப்போது சசியுடைய ராக்காவல் மட்டும்தான். ஒன்றே ஒன்று. மறுநாள் இரண்டு பேரும் ஒரே வண்டியில் தோளில் கைபோட்டுக்கொண்டு வேலைக்குப் போனார்கள். பத்து மணிக்கு நான் பாப்பாவைத் தட்டிக்கொடுத்தபடியே கண்ணயர்ந்துவிட்டேன். "டக்" கேட்டது. இன்னொரு "டக்" கேட்ட மாதிரியும் இருந்தது, கனவு என்று நினைத்தேன்.

விழிப்பு வந்தது சப்புக்கொட்டுகிற சத்தத்தில். பாப்பாவின் பக்கத்தில் ஏதோ கறுப்பாக, பெரிதாக, மூச்சு விட்டுக்கொண்டு நின்றது. பாப்பா சிரித்துக்கொண்டிருந்தாள்.

வாட்ச்மேனுடைய நாய் அக்கா. கர்னல். கேட் பக்கத்தில் எப்போதும் படுத்திருக்குமே, அதுதான். படியேறி, திறந்த கதவு வழியாக உள்ளே வந்து, பாப்பாவின் கையில் ஒட்டியிருந்த ராகிக் கூழை நக்கிக்கொண்டிருந்தது. நான் போட்ட கூச்சலில் அது என்னைவிடப் பயந்துபோய் சோபாவுக்குக் கீழே போய்விட்டது. வாட்ச்மேன் வந்து கெஞ்சித்தான் வெளியே வந்தது. "அது ஒண்ணும் பண்ணாதும்மா, தங்கமான நாய்" என்றார்.

நாய் தங்கம்தான். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நாய் வந்த வழியில் வேறு என்னென்ன வரலாம் சொல்லுங்க. அதற்குப் பிறகு எனக்குத் தூக்கமே போய்விட்டது. பாப்பாவின் காலையும் என் கையையும் துப்பட்டாவால் சேர்த்துக் கட்டிக்கொண்டு படுத்தேன். அவள் காலை உதைத்தால் என் கை கன்னத்தில் அறையும். அறை வாங்கினால் நிம்மதி, பிள்ளை பக்கத்தில்தான் இருக்கிறாள். பயம் இல்லை அக்கா, முன்னெச்சரிக்கை.

அண்ணனும் தம்பியும் கம்ப்யூட்டரைக் குடைந்து எடுத்துவிட்டார்கள்.

"ஆப்ட்ல ஒண்ணும் இல்ல."

"லோக்கல்ல ஒண்ணே ஒண்ணுதானுங்கண்ணா."

"அப்ப ரெண்டாவது டக்கு எங்கிருந்துடா வருது?"

பெரிய அலமாரியைக்கூடப் பார்த்தார்கள், கம்ப்யூட்டரோடு வந்த சாமான் இருக்கிற இடத்தை. எல்லாவற்றையும் பார்த்தார்கள். அவர் என்னிடம் சொன்னார், "உன் ஃபோல்டர் மட்டும்தான் பாக்கல அம்மிணி. அடுத்தவங்க இடத்துல கேக்காம எட்டிப் பாக்கறது எனக்குப் புடிக்காது." அந்த விஷயத்தில் அவர் சிஸ்டர் எமரன்ஸியா மாதிரி. எனக்குப் பெருமையாக இருந்தது. "அங்க பாப்பா போட்டோதானே இருக்கு, பார்க்கிறதுக்கு என்ன இருக்கு" என்றேன்.

என்ன அக்கா, விரலை மடக்கி மடக்கி ஏதோ கூட்டிப் பார்க்கிறீர்கள்? காபி ஆறுகிறது, குடிங்க. என்னுடையதா? அது கணக்கில் வராதே. அது என் பெட்டிக்குள் அல்லவா இருக்கிறது. இவர்கள் இரண்டு பேரும் வெளியே வைத்ததில்தான் கோளாறு. இவ்வளவு படித்திருந்தும் கண்டுபிடிக்க முடியவில்லை, பாருங்க. சரி, சொல்லி முடித்துவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் அவர்கள் தூங்கிக்கொண்டிருந்தபோது பாப்பாவை இடுப்பில் வைத்துக்கொண்டு முக்கு ஹார்டுவேர் கடைக்குப் போனேன். "கதவுக்குத் தாழ்ப்பாள் வேணும்" என்றேன்.

"பாத்ரூமுக்குங்களா, வாசலுக்குங்களா?"

"வாசலுக்கு. இருக்கிறதிலேயே பெரிசு."

"உள்பக்கம் மாட்டறதுங்களா, வெளிப்பக்கமுங்களா?"

ஒரு நிமிஷம் யோசித்தேன் அக்கா. இத்தனை நாளாக எங்கே வைப்பது, எங்கே வைப்பது என்று கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருந்தது. இவர் கேட்ட கேள்விக்கு மட்டும்தான் எனக்குப் பதில் தெரிந்திருந்தது.

ஆசாரியைக் கூப்பிடவில்லை, தட்டுகிற சத்தத்தில் இவர்கள் எழுந்துவிடுவார்கள். கான்வென்ட்டில் கைத்தொழில் வகுப்பில் எங்களுக்கு எம்பிராய்டரியோடு திருப்புளி பிடிக்கவும் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். கொண்டை ஊசியால் பட்டியைச் சுரண்டினேன். பழைய ஓட்டைகள் உள்ளே அப்படியே இருந்தன, யாருக்காகவோ காத்துக்கொண்டிருந்த மாதிரி. புதுத் தாழ்ப்பாள் அந்த ஓட்டைகளிலேயே போய் உட்கார்ந்தது. ஒரு திருகாணி மட்டும் கோணல். இருக்கட்டும். மேலே பாப்பாவின் துண்டைத் தொங்கவிட்டேன். வீட்டில் எங்கே பார்த்தாலும் பாப்பா துண்டுதான், யாரும் கவனிக்கவில்லை.

நேற்று இரண்டு பேரும் லீவு போட்டிருந்தார்கள், சத்தத்தை நேரில் பிடிக்க. பத்து மணிக்கு முன்னால் ஆளுக்கு ஒரு லேப்டாப்போடு வெளியே போய் நின்றார்கள். உள்ளேயிருந்து பார்த்தால் தெரியாதாம், கள்ளன் நிற்கிற இடத்தில் நின்று பார்க்க வேண்டுமாம். நான் பாப்பாவோடு கூடத்தில் இருந்தேன்.

"டக்."

"பூட்டிருச்சுங்கண்ணா!"

"டக்."

"தொறந்துருச்சுடா!"

க்ரீ...ச். கதவு திறந்தது. இரண்டு பேரும் ஓடி வந்து என்ன ஏது என்று பார்ப்பார்கள் என்று நினைத்தேன். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார்கள்.

"நான் அப்பவே சொன்னேன், ஆப்ட்லயே இருந்திருக்கணும். வாத்தைப் பாத்து யோசிச்சா பாப்பா."

"லோக்கல்ல வச்சதுக்கும் இதுக்கும் என்னுங்கண்ணா சம்பந்தம்?"

"எல்லாம் சம்பந்தம்தான். அந்தந்தப் பொருள் அந்தந்த இடத்துல இருக்கணும்!"

அவர்களுக்குப் பின்னால், வாலை ஆட்டிக்கொண்டு, கர்னல் படியேறி வந்துகொண்டிருந்தது. அவர்கள் இருவரையும் சுற்றிக்கொண்டு நேராக என் வாசலைப் பார்த்து வந்தது. இவர்கள் அதையும் பார்க்கவில்லை.

நான் துண்டை எடுத்தேன். கதவைச் சாத்தினேன். தாழ்ப்பாளைத் தள்ளினேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு.

"அம்மிணி, கதவு திறக்க மாட்டீங்குது."

"தெரியும்ங்க."

"போன்ல தொட்டாலும் திறக்கல. டக்குன்னு சத்தம் வருது, ஆனா திறக்கல." பிறகு குரலைத் தாழ்த்தி, சந்தேகமாக: "நீ புதுசா ஏதாச்சும் இன்ஸ்டால் பண்ணினயா?"

"ஆமா."

"எங்க? ஆப்ட்லயா, லோக்கல்லயா?"

"கதவுல" என்றேன். "உள்பக்கம்."

எனக்கே பாவமாக இருந்தது அக்கா. என்ன இருந்தாலும் கட்டின புருஷன். திறந்துவிடலாம் என்று தாழ்ப்பாளை நீக்கி, கதவைக் கொஞ்சமாகத் திறந்தேன். சசி எட்டிப் பார்த்தான். கண்ணில் ஒரு மரியாதை தெரிந்தது.

"நல்லாத்தான் இருக்குதுங்க அண்ணி. ஆனா இடம் தப்பு. பாப்பாவுக்கு எட்டாம மேல இருக்கணும்."

"மேல வச்சா இவளுக்கே எட்டாதுடா. கீழதான் இருக்கணும்."

"கீழ வச்சா பாப்பாவுக்கு எட்டுமுங்கண்ணா!"

"அதுக்குத்தான்டா நான் முதல்லயே கழட்டினேன்! அம்மிணி, இப்போதைக்கு இருக்கட்டும். காலையில கழட்டிட்டு, எங்க வைக்கறதுன்னு நானும் சசியும் உக்காந்து பேசி..."

நான் உள்ளே போனேன். பாயும், இரண்டு தலையணையும், ஒரு போர்வையும் எடுத்து வந்து அவர் கையில் கொடுத்தேன். கொசுவத்தியும் கொடுத்தேன், நான் ராட்சசி இல்லை. கர்னலின் தலையைத் தடவி, "நீ இவங்களைப் பார்த்துக்கோ" என்றேன்.

பிறகு கதவைச் சாத்தி, தாழ்ப்பாளை நன்றாக உள்ளே தள்ளி, இழுத்துப் பார்த்துவிட்டு, இன்னொரு தடவையும் இழுத்துப் பார்த்துவிட்டு, விளக்கை அணைத்தேன்.